தொய்ந்த கம்பியை வெட்டலாமா?

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பழைய தேயிலை ஸ்டோரின் (தொழிற்சாலையின்) மேல்மாடியில் தூணுக்குத் தூண் பெருக்கல் குறியாகக் கம்பிகள் போட்டிருக்கிறதாம். ஒன்று தொய்ந்துபோய் வழியை மறைக்கிறதாம். வெட்டிவிட்டால் என்ன என்கிறார்.

வெட்ட வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

அந்த மேல்மாடி தேயிலைக் கொழுந்தை வாட்டுகிற இடம். கொழுந்து வாடப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். காற்று தாராளமாக வேண்டும். அதனால்தான் வாட்டும் மாடிகளுக்குச் சுவரைக் குறைத்து, நீளச் சன்னல் வரிசை வைத்தார்கள். அப்படிப்பட்ட கூட்டைத் தென்மேல் பருவக்காற்று சும்மா விடுமா? தூணும் உத்தரமும் சேர்ந்த கட்டம் ஒருபக்கமாகச் சரியப் பார்க்கும். சரியவிடாமல் பிடிப்பவை இந்தக் குறுக்குக் கம்பிகள்.

எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் இங்கேதான். 20 மில்லிமீட்டர் தடிப்பும் 5 மீட்டர் நீளமும் உள்ள உருக்குக் கம்பியை இழுத்தால், அது நிரந்தரமாக நீளத் தொடங்க ஏறக்குறைய 8 டன் வேண்டும். அதையே இரு முனையிலும் அமுக்கினால் சுமார் 63 கிலோவிலேயே வளைந்துவிடும். ஒரு ஆளின் எடை! இந்தக் கணக்குக்கு வழி சொன்னவர் கணித மேதை ஒய்லர், 1744இல். ஆகவே அமுங்கும் கம்பியைப் பொறியியலாளர் கணக்கிலேயே எடுப்பதில்லை. காற்று இந்தப் பக்கம் அடித்தால் ஒன்று தாங்கும், மற்றது துவளும். திசை மாறினால் வேலையும் மாறும். கல்யாணப் பந்தலுக்கு இருபுறமும் கயிறு கட்டும் என் மாமா, காற்றில் தளர்ந்த பக்கத்துக் கயிற்றை ஒருநாளும் அவிழ்த்ததில்லை.

மெல்லிய கம்பிக்கு வேறு வசதியும் உண்டு. ரயில் 1884இல் ஹட்டனுக்கு வந்தது. அதற்கப்பால் மலைமேல் ஏற்றிய சாமானில் ஒவ்வொரு இறாத்தலும் கணக்குத்தான். ஆனால் மெலிவுக்கும் எல்லை உண்டு. இந்தியாவின் ஐ.எஸ். 800 விதி (2007), எப்போதும் இழுவையிலேயே இருக்கும் உறுப்புக்கு மெலிவு விகிதம் (நீளத்தோடு ஒப்பிட்டால் உறுப்பு எவ்வளவு மெலிது என்பதன் அளவு) 400க்கு மேல் போகக்கூடாது என்கிறது. நம் கம்பிக்கு அது 1000! முன்கூட்டியே இழுத்து முறுக்கிய கம்பிக்கு அந்த எல்லை பொருந்தாது என்பதால்தான் தப்பிக்கிறது. முறுக்குவதற்கென்றே நடுவில் டேர்ன்பக்கிள் என்னும் இணைப்பு: ஒரு முனையில் வலப்புரி, மறுமுனையில் இடப்புரி.

புரிதான் பலவீனமான இடம். 20 மில்லிமீட்டர் கம்பியில் புரி வெட்டினால் 314 சதுர மில்லிமீட்டர் பரப்பு சுமார் 245 ஆகிவிடும். அந்தக் காலத்துக் கொல்லர்கள் முனையை முதலில் தடிப்பாக்கி, பிறகே புரி வெட்டினார்கள். மழைத்தண்ணீர் தங்கித் துரு ஏறுவதும் அங்கேதான். நம்மவர்களோ வெளியே தகரத்துக்கு வருடாவருடம் பெயின்ட் அடிப்பார்கள். இந்தப் புரிப்பக்கம் எட்டிப்பார்க்கமாட்டார்கள். இயந்திரம் கொண்டுபோக ஒரு கம்பியை அறுத்துவிட்டு, கட்டடம் நிற்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. காற்று மறுபக்கம் திரும்பும்வரை நிற்கும்தான்.

அன்பரே, தொய்வுக்குக் காரணத்தை முதலில் பாருங்கள். புரி தளர்ந்திருந்தால் எண்ணெய் விட்டு, இரண்டு கம்பிகளையும் சமமாக முறுக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் இறுக்கினால் தூண் அந்தப் பக்கம் இழுபடும். முன்பு எப்போதோ பெருங்காற்றில் நீண்டுபோன கம்பியென்றால் மாற்றத்தான் வேண்டும். வழி கட்டாயம் வேண்டுமென்றால் பொறியியலாளரைக் கொண்டு அடுத்த இடைவெளியில் புதுக் கம்பிகளைப் பொருத்துங்கள். பழையதைக் கழற்றுவது அதற்குப் பிறகு.