மண்ணில் கிடைத்த பொன்: அடையாளம் காண்பது எப்படி?

செனாய் என்றதும் பலருக்கு விமான நிலையமே நினைவுக்கு வரும். என் பாட்டிக்கோ அது ரப்பர் தோட்டம், லயம், கோயில் திருவிழா. அவர் வாழ்ந்த லயம் இடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு விடுமுறையில், நில உரிமையாளரின் அனுமதியோடு, மாமாவின் உலோகம் கண்டறியும் கருவியுடன் அங்கே சென்றேன்.

முதல் இரண்டு வாரமும் ஆணிகளும் டின் மூடிகளும்தான். மூன்றாம் வாரம் கட்டைவிரல் நகமளவு மஞ்சள் நிறப் பொருளொன்று கிடைத்தது. பாட்டி அதைக் கையில் வாங்கியதும், "இது தாலிடா. எவ வயிறு எரிஞ்சு தேடினாளோ!" என்றார். பொன்தானா, யாருடையது என்ற இரு கேள்விகள் எழுந்தன.

கருவியின் ஒலியை நம்ப இயலாது. சிறிய தங்க நகைக்கும் அலுமினியத் துண்டுக்கும் அது ஏறக்குறைய ஒரே ஒலியை எழுப்பும். காந்தமும் போதாது, தங்கத்தைப் போலவே பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது.

அடுத்து முத்திரையைத் தேட வேண்டும். 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். 750 என்பது 18 காரட். 925 என்பது வெள்ளி. எங்கள் பொருளில் முத்திரை இல்லை. அதனால் அது போலி என்று ஆகிவிடாது. அக்காலத்தில் ஆசாரி கையால் செய்து கொடுத்த நகைகள் பலவற்றில் முத்திரை இருப்பதில்லை.

பின்னர் நீர்ச் சோதனை செய்தேன். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத் தராசில் எடை 2.10 கிராம். நூலில் கட்டி நீரில் மூழ்கவிட்டபோது 0.12 கிராம் குறைந்தது. 2.10-ஐ 0.12-ஆல் வகுத்தால் 17.5. தூய தங்கம் நீரைவிட 19.3 மடங்கு அடர்ந்தது, 22 காரட் 17 முதல் 18 மடங்கு, வெள்ளி 10.5, பித்தளை ஏறத்தாழ 8.5. இவ்வளவு சிறிய பொருளில் 0.01 கிராம் பிசகினாலும் விடை 16-க்கும் 19-க்கும் இடையே ஆடும். ஆகவே பித்தளை அல்ல என்பது உறுதி; காரட் உறுதியில்லை. உள்ளே அரக்கு அடைத்த நகைக்கு இச்சோதனை பொருந்தாது.

காரட்டைச் சொன்னது பொற்கொல்லரின் உரைகல். கருங்கல்லில் நகையை உரைத்து, தரம் தெரிந்த தங்கத்தின் கோட்டோடு ஒப்பிட்டு, "22 காரட்" என்றார். இக்கலை நமக்குப் புதிதன்று. தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், குளோங் தோம் பகுதியில் கிடைத்த சிறிய உரைகல்லில் 'பெரும்பத்தன் கல்' எனப் பொருள்படும் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. அது கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கடல் கடந்து வந்த தமிழ்ப் பொற்கொல்லன் தன் கல்லில் பெயர் பொறித்திருக்கிறான்!

இனி இரண்டாம் கேள்வி. தாலியின் வடிவம் குலத்துக்குக் குலம் மாறும். வடிவத்தை வைத்துப் பாட்டி பழைய அண்டை வீட்டார் ஒருவரை நினைவுகூர்ந்தார். அவர் மறைந்துவிட்டார், மகள் கூலாயில் இருக்கிறார். பொருளைக் காட்டாமல் அடையாளம் மட்டும் கேட்டோம். "பின்னால பத்தவச்ச தழும்பு இருக்கும். அம்மா சாகிற வரைக்கும் தேடினாங்க" என்றார். தழும்பு இருந்தது. காவல் நிலையத்தில் தெரிவித்து, அவரிடமே ஒப்படைத்தோம். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வாசகர்களே, மண்ணில் நகை கிடைத்தால் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். புளி, பற்பசை, கம்பித் தேய்ப்பான் எதுவும் வேண்டாம். தேய்த்தால் அடையாளமும் தேய்ந்துவிடும். பழம்பொருளாகத் தோன்றினால் 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். அண்மைக்காலத்துப் பொருளானால் உரியவரைத் தேடுங்கள். விலையைக் கேட்கும் முன் பாட்டிமார்களைக் கேளுங்கள். எந்த உரைகல்லும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.