ஒரே கை அடித்த கத்திகள்

திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றுக்குச் சமீபமாக, ஓட்டுவீடுகள் சில இன்னும் மிஞ்சியிருக்கும் தெருவொன்றில் வசிக்கும் என் நண்பர் ஒருவர், சர்க்கார் உத்தியோகத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வுபெற்றவர், வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து க்ஷேமலாபங்களை விசாரித்து முடித்தபின், ஒரு தேக்குப் பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து திறந்து காட்டுவது வழக்கம். அதற்குள் எண்ணெய் ஊறிய பழைய வேட்டித் துண்டுகளில் தனித்தனியே சுற்றி வைக்கப்பட்ட பதினொரு கத்திகள் இருக்கின்றன. பாக்குச் சீவும் பிச்சாத்தி, தேங்காய் வெட்டும் வெட்டுகத்தி, வாழைக்குலை அறுக்கும் அரிவாள், பனையேறிகளின் பாளை அரிவாள் என்று உபயோகத்தால் வேறுபட்டவை, விலையால் எளியவை, வெள்ளிப் பூணோ சித்திர வேலையோ ஒன்றிலும் கிடையாது. நாஞ்சில் நாட்டில் ஒரே பட்டறையில், ஒரே கொல்லர் அடித்தவை என்ற ஒரு காரணமே அவற்றை ஒரு பெட்டிக்குள் சேர்த்திருக்கிறது.

"எல்லாம் ஒரே ஆளுடைய வேலை என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள்? பெயர் எதுவும் இல்லையே" என்று நான் கேட்டேன்.

"கண்ணைக் கட்டிட்டு இருபது கத்தியைக் கையில தாங்க, அண்ணாச்சி. இவரு அடிச்சதை மட்டும் தனியா எடுத்து வச்சிருவேன்" என்றார் அவர்.

வீண்பெருமையாக அவர் அதைச் சொல்லவில்லை என்பது ஒரு பிச்சாத்தியை வாங்கிப் பார்த்தபோது எனக்கே விளங்கிற்று. அலகின் முதுகு பிடியருகே தடித்துத் தொடங்கி, நுனியை நோக்கிச் சிறிதும் தடுமாறாமல் மெலிந்துகொண்டே போகிறது. பெருவிரல் எங்கே அமருமோ அங்கே முதுகின் விளிம்பு மழுக்கப்பட்டிருக்கிறது. அலகும் பிடியும் சந்திக்கும் இடத்தில் கனம் சமமாகி, சுட்டுவிரல் ஒன்றின்மேலேயே கத்தி அசையாமல் நிற்கிறது. அடுத்து எடுத்த வெட்டுகத்தி அதைப்போல் மூன்று மடங்கு கனமுடையதாயினும், அதே மெலிவும், பெருவிரலுக்கு அதே மரியாதையும் அதிலும் இருந்தன.

ஒரு கைவினைஞனின் கத்திகளை மட்டும் தேடிச் சேர்ப்பது ஏன் என்ற கேள்விக்கு, அழகு என்றும் அபூர்வம் என்றும் விலையேற்றம் என்றும் பல பதில்கள் சொல்லப்படுவதுண்டு. அவை வாஸ்தவமே ஆனாலும், காரணத்தின் வேர் உலைக்களத்திலேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கத்தியின் உயிரான குணம் கண்ணுக்குத் தெரியாதது. காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் அமிழ்த்திக் கடினப்படுத்துவதைக் கொல்லர்கள் தோய்ச்சல் என்பார்கள். அந்த ஒரு கணத்தில் சூடு மிஞ்சியிருந்தால் வாய் நொறுங்கும், குறைந்திருந்தால் வாய் மடங்கும். தோய்த்த அலகை மறுபடி மெல்லச் சூடாக்கும்போது அதன்மேல் முதலில் வைக்கோல் நிறமும், பிறகு கத்தரிப்பூ நிறமும், கடைசியில் நீலமும் ஓடும். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பது செய்யும் கத்தியின் வேலையைப் பொறுத்தது. வெப்பமானி இல்லாத பட்டறையில் இதற்கெல்லாம் அளவுகோல் கொல்லனுடைய கண் ஒன்றேயாகையால், நிறம் பிடிபடுவதற்காகவே உலைக்கூடத்தை அரையிருட்டாக வைத்திருப்பார்கள். வாங்குகிறவனோ கடையில் நின்று எவ்வளவு தடவிப் பார்த்தாலும் இந்தத் தீர்மானத்தைக் காணமுடியாது. வருஷக்கணக்கில் வெட்டி, தீட்டி, மறுபடி வெட்டிய பிறகே அது வெளிப்படும். ஆகவே ஒரு கத்தி நன்றாக அமைந்தால் அது தற்செயல் என்று சொல்லலாம். பத்துக் கத்திகளும் அப்படியே அமைந்தால், அவற்றின் பின்னே ஒரு மனிதன் நிற்கிறான் என்று அறிந்துகொள்கிறோம். சேர்ப்பவர்கள் பின்தொடர்வது அந்த மனிதனை.

ஜப்பானியர் இந்த ஞானத்தை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தார்கள். அங்கே வாள் செய்தவன் தன் பெயரைப் பிடிக்குள் மறையும் பாகத்தில் பொறிப்பது சம்பிரதாயமாயினும், அவர்களில் மகா கீர்த்தி பெற்ற மசாமுனேயின் வாள்களில் பெயர் பொறித்தவை மிக அபூர்வம். வாயோரத்தில் தோய்ச்சலால் எழும் அலைபோன்ற ரேகையைக் கண்டு செய்தவன் இன்னான் என்று நிர்ணயிப்பதையே ஹொனாமி என்ற குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகக் கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் நடந்ததோ வேறுவிதம். 1930களில் மிச்சிகனில் ஓர் ஏரிக்கரையில், படகின் பழைய வர்ணத்தை ஒருவர் ஒரு கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்ததையும், அத்தனை சுரண்டியும் அதன் வாய் கெடாதிருந்ததையும் கண்டு வியந்த ராண்டல் என்பவர், வில்லியம் ஸ்கேகல் செய்த அந்தக் கத்தியை விலைக்கு வாங்கிப்போய், அதன் ரகசியத்தை அறியும் ஆவலில் தாமே கத்தி செய்யத் தொடங்கினார். இன்று ஒர்லாண்டோவிலுள்ள ராண்டல் பட்டறையில் கத்தி வேண்டுமென்று எழுதிக்கொடுப்பவர்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஒரு கையின் மேல் வைத்த அபிமானம் இன்னொரு கையை உண்டாக்கிற்று.

நம் நாட்டில் இப்படிப்பட்ட கீர்த்தி தனி மனிதனுக்குக் கிடைப்பதில்லை, ஊருக்குக் கிடைக்கும். சிவகங்கைச் சீமையின் திருப்பாச்சேத்தி அரிவாளை அறியாத தமிழர் குறைவு. அதை அடித்தவரின் பெயரைச் சொல்லக்கூடியவர் அதனினும் குறைவு. மலபாரில் மலப்புறம் கத்தி என்றே பெயர். அந்தக் கத்தியைச் சேர்த்த வரலாறும் ஒன்று உண்டு. ஆனால் அது அபிமானத்தால் நேர்ந்ததன்று, அச்சத்தால் நேர்ந்தது. 1854இல் கும்பினி அரசாங்கம் போர்க்கத்திகளை வைத்திருப்பதைத் தடுத்துச் சட்டம் செய்து, கலெக்டர் கொனோலியின் பொறுப்பில் மலபார் முஸ்லிம்களான மாப்பிளைமாரிடமிருந்து ஆயிரக்கணக்கில் அவற்றை வாங்கிக் குவித்தது. அந்தக் குவியலில் எத்தனை நல்ல கொல்லர்களின் ஆயுள் உழைப்பு கலந்து கிடந்திருக்கும் என்று நினைக்கையில் மனம் கனக்கிறது.

அடித்தவனின் பெயர் வழங்காமற்போவதே எங்கள் ஊரின் சங்கதியும். 1750இல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா தம் வாளை ஸ்ரீபத்மநாபசுவாமி சந்நிதியில் வைத்து ராஜ்யத்தையே அர்ப்பணம் செய்தார். இன்றும் ஆண்டுதோறும் நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும்போது, அரண்மனை உப்பரிகையில் உடைவாள் கைமாறிய பிறகே ஊர்வலம் புறப்படுகிறது. ராஜாவின் பெயரும் சுவாமியின் பெயரும் அந்த வாளோடு சேர்ந்து வழங்குகின்றன. அதை உலையில் காய்ச்சிய கை எதுவென்று கூட்டத்தில் நின்ற எவரும் கேட்டு நான் அறிந்ததில்லை. இத்தனை வருஷங்களாக நானும் கேட்டதில்லை.

இந்தப் பொதுவிதிக்கு விலக்காக நின்ற தமிழர் ஒருவர் உண்டு: பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலத்தில் தொழில் செய்த அருணாசலம். வேட்டைக்குப் போகும் ஆங்கிலேய உத்தியோகஸ்தர்களுக்காக அவர் வேட்டைக் கத்திகளும், பன்றி குத்தும் ஈட்டிமுனைகளும் செய்தார். ஔரங்காபாத்தில் போதராஜ் என்பவர் ஈட்டிமுனைக்குப் பெயர்போனவராயிருந்த அதே காலம் அது. அலகின்மேல் ஆங்கில எழுத்தில் 'அர்னாசெல்லம் - சேலம்' என்று பதித்தே அருணாசலம் தம் சரக்கை விற்றார். வேட்டைக்காரர்கள் பென்ஷன் பெற்றுக் கப்பலேறியபோது அந்தக் கத்திகளும் அவர்களோடு போயின. இன்று மேல்நாட்டு ஏலங்களில் அவை வெளிப்படும்போது, அந்தப் பெயரைத் தேடியே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்க முடியாமலிருக்கலாம். ஆனால் அவர் கைவேலையை அவர்கள் அறிவார்கள். சேலத்துக் கடைவீதியில் பத்துப் பேரை நிறுத்தி அருணாசலத்தைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும் என்பதை எண்ண எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவர் வெறும் வெளியிலிருந்து முளைத்தவரல்லர். கஞ்சமலையின் காந்த இரும்புக்கல்லை உருக்கிய வட்டாரம் அது. 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோஸையா மார்ஷல் ஹீத், நம்மவர் உருக்குச் செய்த முறையை நேரில் கண்டு எழுதிவைத்தார். இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டையை இட்டு, எருக்கிலையால் மூடி, உருக்கும் களிமண் பாத்திரமாகிய குகையின் வாயை அடைத்து, இருபது இருபத்துநான்கு குகைகளைச் சிற்றுலைக்குள் வளைவாக அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதினால் உருக்குக் கட்டிகள் தயாராகும். ஆவாரையையும் எருக்கையும் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. சேலத்து வழியோரத்திலேயே மண்டிக் கிடப்பவை. இந்த உருக்கைத்தான் ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்றார்கள். லண்டனில் கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடர்ட் அதன்மேல் மோகங்கொண்டு, அதன் தன்மையை ஆராய விரும்பியபோது அவருக்குத் துணைநின்றவர் மைக்கேல் ஃபாரடே; பிற்காலத்தில் மின்சாரத்தால் உலகப் பிரசித்தி பெற்ற அந்த மேதையும் ஒரு கொல்லரின் மகனே.

பெயர் பதிக்காத கொல்லர்களுக்கும் நம்மிடையே அபிமானிகள் இல்லாமலில்லை. குமரிமாவட்டத்துப் பனையேறி ஒருவர், பக்கத்து ஊரில் பட்டறை இருக்க, தம் பாளை அரிவாளுக்காக இரண்டு பஸ் மாறிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். பாளையின் நுனியைத் தாள்போல் மெல்லியதாகச் சீவினால்தான் பதநீர் ஊறும். வாய் பிசிறடித்தால் பாளை கெட்டு, அன்றைய ஜீவனம் போய்விடும். ஆகையால் பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி நாள்தோறும் தீட்டி, இடுப்பில் கட்டிய அரிவாள்பெட்டியில் பத்திரமாக அதைச் செருகிக்கொண்டு மரமேறுகிறார். அவர் சேகரிப்பவர் அல்லர். ஒன்று தேய்ந்து அழிந்தபிறகே மற்றொன்று வாங்குகிறவர். என் நண்பரின் பெட்டியைத் திறக்கவைத்த அன்பும், இவரை இரண்டு பஸ் மாறவைத்த நம்பிக்கையும் ஒரே ஊற்றில் பிறந்தவை என்பதே என் எண்ணம். பெட்டியிலிருக்கும் பாளை அரிவாளும் இப்படியொரு பனையேறியிடமிருந்து வந்ததுதான். மரமேற முடியாத வயதில் அவர் அதை விற்க மறுத்து, சும்மா கொடுத்தாராம்.

பதினொன்றில் கடைசியாகச் சுற்றைப் பிரித்த கத்திக்குப் பிடி கிடையாது. கொல்லர் காலமானபின் அவர் பட்டறையில் கிடந்தது அது. உலைக்கரி படிந்த கறுப்பு மாறாமல், சம்மட்டியின் தடங்கள் மீன் செதிள்போல் வரிசையாகத் தெரிய, வாய் பிடிக்கப்படாமல், தோய்ச்சல் காணாமல் நின்றுவிட்டது.

"வேற ஆசாரிகிட்ட கொடுத்து முடிக்கலாமே?" என்றேன்.

"முடிக்கலாம். நல்ல ஆசாரிமாரு இப்பவும் இருக்காங்க. தோய்ச்சல் மாத்திரம் அவரு கையாயிருக்காதே" என்று சொல்லி, துணியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மற்றப் பத்தையும்விட நிதானமாக அதைச் சுற்றி, பெட்டியின் அடியில் வைத்தார்.