விரும்பினதைச் சாப்பிடக் குடுங்க

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. விரும்பினதைச் சாப்பிடக் குடுங்க."

புற்றுநோய் முற்றியவரின் குடும்பத்திடம் நம் ஊர் மருத்துவர்கள் குரலைத் தணித்துச் சொல்லும் வார்த்தை இது. கனிவாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் தொண்டையில் புற்று வைத்தவருக்கு எச்சிலை விழுங்குவதே பெரும்பாடு. அவர் எதை விரும்பி, எப்படிச் சாப்பிடுவது? ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போகும் மகனிடம், ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா வலியில் துடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று பெரும்பாலும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

அந்த இரண்டு மணிக்கு ஒரு பதிலை வைத்திருக்கும் இடம்தான் ஹாஸ்பிஸ். அது கட்டடமாகவும் இருக்கலாம், வீடு தேடி வரும் செவிலியராகவும் இருக்கலாம்.

இதன் தாய் என்று லண்டன்காரரான சிசிலி சாண்டர்ஸைச் சொல்வார்கள். செவிலியராகத் தொடங்கி, சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவமும் படித்தவர். 1948இல் அவர் கவனித்துவந்த போலந்து நோயாளி டேவிட் டாஸ்மா, நீ கட்டப்போகும் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருக்கிறேன் என்று 500 பவுண்டை எழுதிவைத்துவிட்டுப் போனார். செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸ் திறக்க 1967 ஆயிற்று. ஜன்னலுக்கு 19 ஆண்டு!

சாண்டர்ஸ் வற்புறுத்தியது எளிய விஷயம். வலி வந்தபின் மருந்து கொடுக்காதே, வருமுன் கொடு. நான்கு மணிக்கொரு முறை, கடிகாரத்தைப் பார்த்து, வாய்வழி மார்ஃபின். நோயாளி கெஞ்சக் கூடாது. அளவறிந்து கொடுத்தால், நாம் பயப்படுகிற மாதிரி அவர் போதைக்கு அடிமையாவது அபூர்வம். மலச்சிக்கல்தான் நிச்சயம் வரும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் மார்ஃபின் எழுதும்போதே பேதி மருந்தையும் சேர்த்து எழுதிவிடுவார்கள்.

மார்ஃபினின் மூலப்பொருளான அபினை உலகத்துக்கே மருந்துக்காக விளைவித்துத் தரும் இந்தியாவில், 1985இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் கிடைப்பதே அரிதாகிப்போனது. உரிமங்களின் கெடுபிடிக்கு அஞ்சி மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் ஒதுங்கிக்கொண்டன. சட்டத்தைத் திருத்த 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திருடனுக்குப் போட்ட பூட்டு நோயாளியின் வாசலில் தொங்கிய கதை.

வலியைவிடக் கொடியது ஒன்று உண்டு. நாற்றம். கன்னத்தில் புற்று உடைந்து புண்ணான வீட்டில் பேரப்பிள்ளைகள் கிட்டே வர மாட்டார்கள், மருமகள் மூக்கைப் பொத்தாமல் இருக்கப் படாத பாடு படுவாள். படுத்திருப்பவருக்கு எல்லாம் தெரியும். மெட்ரோனிடசோல் என்ற மலிவான மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் தூவினால் சில நாட்களில் நாற்றம் பெரிதும் அடங்கும். அதைக் காட்டிக்கொடுக்க ஒரு செவிலியர் வந்தால் போதும். பேத்தி மறுபடியும் கட்டிலில் ஏறி உட்காருவாள். நோய் குணமாகவில்லைதான். ஆனால் தாத்தா திரும்பக் கிடைத்தார் அல்லவா?

1993இல் கோழிக்கோட்டில் மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு தொடங்கிய அமைப்பு இந்த வேலையைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. மாணவரும் கடைக்காரரும் குடும்பப் பெண்களும் பயிற்சி பெற்று அக்கம்பக்கத்து நோயாளிகளைப் பார்க்கப் போனார்கள். 2008இல் கேரள அரசு இதைக் கொள்கையாகவே அறிவிக்க, உள்ளாட்சிகள் வீட்டுச் சேவையை ஏற்றன. தமிழ்நாட்டில் 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும், இப்படி வேதனையைத் தணிக்க வீட்டிலேயே தரும் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கு இடம் உண்டு. கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

"ஹாஸ்பிஸில் சேர்த்தால் சீக்கிரம் போய்விடுவார்" என்று தயங்குபவர்களுக்கு 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரில் ஒரு சாராருக்கு, வழக்கமான சிகிச்சையோடு நோய்த்தணிப்புச் சிகிச்சையும் தொடக்கத்திலேயே தரப்பட்டது. கடைசிக் காலத்தில் கடும் சிகிச்சையை அவர்கள் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் இடைநிலைக் கணக்கில் அவர்கள் வாழ்ந்தது 11.6 மாதம், மற்றவர்கள் 8.9 மாதம்.

குடும்பத்துக்குக் கிடைப்பது வேறு. "அவருக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க" என்று மனைவி வாசலிலேயே செவிலியரை மடக்குவார். உள்ளே போனால் அவர், "அவளுக்குத் தெரியாதும்மா, தாங்க மாட்டா" என்பார். இந்த நாடகத்தைப் பதமாக அவிழ்ப்பதும் செவிலியரின் வேலைதான். அதன் பிறகுதான் நகை அடகில் இருப்பதும், பேசாமல் போன தம்பியும், எங்கே எரிக்க வேண்டும் என்பதும் பேச்சில் வரும்.

காரியம் முடிந்து சில வாரங்களில் அந்தச் செவிலியர் ஒருமுறை மீண்டும் வருவார், இரவல் கொடுத்த தண்ணீர்ப் படுக்கையை எடுத்துப்போகும் சாக்கில். காபி ஆறும்வரை அந்த அம்மாள் பேசிக்கொண்டிருப்பார்.