புகைமூட்டத்தின் பிறப்பிடம்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வானம் வெளுத்து, தேக்காக் கடைகளின் பெயர்ப்பலகைகள்கூட மங்கித் தோன்றும் ஆண்டுகள் உண்டு. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 300-ஐத் தாண்டினாலே அபாயம் என்பர். 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் அது 401-ஐ எட்டிற்று. 2015 செப்டம்பர் 25 அன்று தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் மூடப்பட்டன. பள்ளிக் கதவையே அடைக்கவல்ல இப்புகைமூட்டம் யாது? எங்கிருந்து வருவது?

புகைமூட்டம் என்பது காற்றில் மிதக்கும் நுண்துகள்களின் திரள். அவற்றுள் 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்டவை மிகக் கொடியவை. தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ 30-இல் ஒரு பங்கே உள்ளமையால், அவை மூக்கிலும் தொண்டையிலும் தங்காது நுரையீரலின் ஆழத்தைச் சென்றடைகின்றன.

பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் துகள்களின் பிறப்பு வேறுவேறு. அதனைக் காட்டிக் கொடுப்பவை அவற்றிலுள்ள வேதிப்பொருள்களே. சோடியமும் குளோரைடும் கடலலையின் திவலையைக் குறிப்பன. வனேடியமும் நிக்கலும் கப்பல்கள் எரிக்கும் கனத்த எண்ணெயைச் சுட்டுவன. மரஞ்செடிகளின் செல்லுலோஸ் எரியும்போது லெவோகுளுக்கோசான் என்னும் பொருள் தோன்றுகிறது. அது மிகுந்திருப்பின் தாவரங்கள் எரிந்தன எனத் துணியலாம்.

இம்முறையின் பயனை வடதுருவம் நன்கு உணர்த்திற்று. ஆலைகள் அருகிய ஆர்க்டிக் வானில் 1950-களில் விமானிகள் மங்கலான மூட்டத்தைக் கண்டனர். 1970-களில் அத்துகள்களை வடிகட்டியில் பிடித்து ஆராய்ந்தபோது சல்பேட்டும் வனேடியமும் அகப்பட்டன. யூரேசியத் தொழில்நகரங்களின் அழுக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து பனிநாட்டை அடைந்தது என்பது தெளிவாயிற்று.

இனி, நம் புகைமூட்டத்துக்கு வருவோம். சுமத்திராவிலும் கலிமந்தானிலும் சதுப்பு நிலங்களின் நீரை வடித்து, செம்பனை முதலிய தோட்டங்களுக்காகத் தீயிடும்போது, மேலுள்ள புதரோடு அடியிலுள்ள ‘பீட்’ மண்ணும் பற்றிக்கொள்கிறது. முற்றும் மட்காத தாவரங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உண்டான மண் அது. சுடர்விடும் விறகினும் உள்ளே கனலும் உமியே மிகப் புகையும் என்பது நம் அடுப்படி அறிவு. பீட் மண்ணும் அவ்வாறே போதிய உயிர்வளியின்றி வாரக்கணக்கில் கனன்று, கரிமச் சேர்மங்கள் நிறைந்த துகள்களைக் கக்குகிறது.

எனினும் தூசு யாவும் அயலிலிருந்து வந்தவை அல்ல. தெளிந்த நாளிலும் நம் வாகனங்களும் கப்பல்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் தரும் கரியும் சல்பேட்டும் காற்றில் கலந்தே உள்ளன.

2014-இல் எல்லை கடந்த புகைமூட்டத்துக்கெனச் சிங்கப்பூர் ஒரு சட்டம் இயற்றிற்று. தீயிட்டவர் யார் என்பதைத் துகள் சொல்லாது. அதற்குத் துணைக்கோள் படமும் காற்றின் திசையும் வேண்டும். எரிந்தது எது என்பதை மட்டுமே துகள் சொல்லும். பழி முழுவதையும் அயலார்மேல் சுமத்தாமலும், உரியவரைத் தப்பவிடாமலும் தீர்ப்புக் கூற அச்சாட்சி இன்றியமையாதது. மாணவர்க்குப் புகைமூட்டத்தைப் பற்றிக் கற்பிக்கும்போது இந்நடுவுநிலைமையையும் சேர்த்துக் கற்பிப்போமாக.