எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டு வெயிட் மெஷின் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம். முதல் இரண்டு வாரத்தில் மளமளவென்று இறங்கிய எடை திடீரென்று நின்றுவிடுகிறது. நான்கு நாளாக அதே எண். சிலருக்கு அரை கிலோ கூடவும் செய்யும். "வயித்துல முக்கால்வாசியை எடுத்தாச்சு, சாப்பாடும் நாலு ஸ்பூன்தான், அப்புறம் ஏன் குறையல?" என்ற பயம் அப்போதுதான் தொடங்குகிறது.

இந்தத் தேக்கம் பலருக்கும் வருவதுதான். இதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தை உடல் முதலில் செலவழிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். அதனால் ஆரம்ப நாட்களில் இறங்கும் கிலோக்களில் கணிசமான பங்கு தண்ணீரின் எடைதான். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு ஏறும்போது அந்தத் தண்ணீர் திரும்பி வருகிறது. உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டே இருந்தாலும் மெஷினில் அது தெரியாது.

துறைமுகத்தில் எப்படி எடை போடுகிறார்கள்?

கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு எதிரே இருக்கிறது வெலிங்டன் தீவு. துறைமுகத்துக்காகக் காயலைத் தோண்டிய மண்ணைக் கொட்டி, பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காலத்தில் உருவான தீவு. துறைமுகத்தில் லாரியை வே பிரிட்ஜில் ஏற்றி எடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் வண்டி ஒரு தடவை, சரக்கோடு ஒரு தடவை. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால்தான் சரக்கின் எடை. கன்டெய்னருக்கும் கணக்கு இப்படித்தான். சரிபார்த்த மொத்த எடை இல்லாமல் ஏற்றுமதிக் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க அமலில் இருக்கும் விதி.

நம் உடம்பிலும் இப்படிக் கழிக்க வேண்டிய 'வண்டி எடை' இருக்கிறது: உடுத்திய துணி, குடித்த தண்ணீர், இன்னும் வெளியேறாத கழிவு. அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் மெஷின் அரை கிலோ கூடுதலாகத்தான் காட்டும். ஒரே நாளில் 1 முதல் 2 கிலோ வரை ஏறி இறங்குவது சாதாரணம். இதையெல்லாம் தனித்தனியாகக் கழித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் நிலைமையை ஒரே மாதிரி வைத்துக்கொள்வதுதான் வழி. காலையில் எழுந்து, பாத்ரூம் போய்விட்டு வந்து, எதுவும் குடிக்கும் முன், அதே மாதிரி மெல்லிய துணியில் ஏறுங்கள்.

மெஷினை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். டிஜிட்டல் மெஷினின் நான்கு கால்களிலும் லோடு செல் எனும் சென்சார் இருக்கிறது. பாய், கார்ப்பெட், ஆடும் டைல்ஸ் மேல் வைத்தால் எண் தப்பாக வரும். கெட்டியான, சமமான தரையில் ஒரு இடம் பார்த்து வையுங்கள், அப்புறம் நகர்த்தாதீர்கள்.

வே பிரிட்ஜுக்கு எடையளவுத் துறை குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்து முத்திரை போட வேண்டும். உங்கள் வீட்டு மெஷினை யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. நீங்களே பார்க்க ஒரு வழி: பிரிக்காத 25 கிலோ அரிசிச் சிப்பம். வீட்டில் வேறு யாரையாவது தூக்கி வைக்கச் சொல்லுங்கள், ஆபரேஷன் ஆனவர் கனம் தூக்கக்கூடாது. 25.6 என்று காட்டினால் மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அடுத்த மாதமும் அதே மாதிரிச் சிப்பத்துக்கு 25.6 காட்டுகிறதா என்பதுதான் கேள்வி. மாற்றத்தைக் கண்காணிக்க, ஒரே அளவில் தப்பு செய்யும் மெஷின் போதும். ஆஸ்பத்திரி மெஷினில் ஒரு எண், வீட்டில் ஒரு எண் என்று இரண்டையும் ஒரே நோட்டில் கலந்து எழுதுவதுதான் சிக்கல்.

(ஒரு சின்ன விஷயம்: டெல்லியை விடக் கொச்சியில் புவியீர்ப்பு ஒரு துளி குறைவு. டெல்லியில் சரிசெய்த மெஷினை, வெலிங்டன் தீவின் கடற்படைத் தளத்துக்கு மாற்றலாகி வருபவர் கையோடு கொண்டுவந்தால், 100 கிலோ ஆள் சுமார் 100 கிராம் குறைவாகத் தெரிவார். சந்தோஷப்பட வேண்டாம்.)

தினமுமா, வாரம் ஒரு தடவையா?

ஒரு கற்பனைக் கணக்கு. முதல் வாரம் திங்களன்று 95.8 கிலோ. அடுத்த திங்கள் 96.5. 700 கிராம் கூடிவிட்டது! ஆனால் இரண்டு வாரமும் தினமும் எடை பார்த்துச் சராசரி எடுத்தால், முதல் வாரம் 96.2, இரண்டாவது வாரம் 95.5. அதாவது 700 கிராம் குறைந்திருக்கிறது. முதல் திங்கள் வழக்கத்தை விட இறக்கமான நாள், அடுத்த திங்கள் ஏற்றமான நாள், அவ்வளவுதான்.

தினமும் பார்த்தால் ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். தினசரி எண் மனதைக் கெடுக்கிறது என்றால் வாரம் ஒரு தடவை போதும், ஆனால் நான்கு வாரம் சேர்ந்த பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏறுவது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது.

ஒரே எடை, மூன்று சதவீதம்

165 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 120 கிலோவிலிருந்து 90 கிலோவுக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்த எடையில் குறைந்தது 25 சதவீதம். 'அதிகப்படி எடை'யில் எவ்வளவு என்று கேட்டால், பிஎம்ஐ 25-ஐ இலக்காக வைத்தால் சுமார் 58 சதவீதம். ஆசியர்களுக்கான 23-ஐ வைத்தால் சுமார் 52. மனிதர் ஒருவர்தான், குறைந்த கிலோவும் ஒன்றுதான். விளம்பரங்களில் எந்தச் சதவீதம் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் டாக்டர் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்லீவ், பைபாஸ் இரண்டிலும் ஓராண்டில் மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம் குறைவது பொதுவான எதிர்பார்ப்பு. 12 முதல் 18 மாதங்களில் எடை அடிமட்டத்தைத் தொடும். அதன் பிறகு சில கிலோ திரும்புவதும் உண்டு.

எடை எண் எவ்வளவு பெரிய சண்டையாக மாறலாம் என்பதை 2017-ல் மும்பை பார்த்தது. சுமார் 500 கிலோ எடையுள்ளவர் என்று சொல்லப்பட்ட எகிப்தியப் பெண் இமான் அகமது, சைஃபி மருத்துவமனைக்குச் சரக்கு விமானத்தில் கொண்டுவரப்பட்டார். மார்ச்சில் அறுவை சிகிச்சை நடந்தது. 300 கிலோவுக்கு மேல் குறைந்துவிட்டதாக மருத்துவமனை சொன்னது. அந்த எண்கள் பொய் என்று அவருடைய தங்கை குற்றம்சாட்டினார், மருத்துவர்கள் மறுத்தார்கள். மே மாதம் அபுதாபி மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட இமான், செப்டம்பரில் அங்கேயே இறந்தார். முதல் நாள் எந்த மெஷினில், எந்த நிலையில், எவ்வளவு எடை என்பது எழுத்தில் இருப்பது அதனால்தான் முக்கியம். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

மெஷினுக்குத் தெரியாதவை

குறைவது கொழுப்பா தசையா என்று மெஷினுக்குத் தெரியாது. கொழுப்புச் சதவீதம் காட்டும் 'ஸ்மார்ட்' மெஷின்கள் காலில் லேசான மின்சாரம் செலுத்தி ஊகிக்கின்றன. உடம்பில் தண்ணீர் மாறினால் அந்த எண்ணும் மாறும். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் அதில் ஏறவே கூடாது. இடுப்பளவை மாதம் ஒரு தடவை டேப்பில் எடுப்பது செலவில்லாத நல்ல துணை. தினம் 60 கிராமாவது புரதம் உள்ளே போகிறதா, பி12, இரும்புச்சத்து ரத்தப் பரிசோதனை நேரத்துக்கு நடக்கிறதா என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள்.

வேகமாகக் குறைவது எப்போதும் நல்ல செய்தி அல்ல. வாந்தி நிற்காமல் எடை இறங்கினால் தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். இதய நோய் உள்ளவருக்கு ஓரிரு நாளில் 2 கிலோ ஏறி, கால் வீங்கி, மூச்சு வாங்கினால் அது சாப்பாட்டால் வந்த எடை அல்ல. ஆபரேஷன் ஆன முதல் வாரங்களில் காய்ச்சல், படபடப்பு, கடும் வயிற்றுவலி வந்தால், தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்கலாம். அன்றைக்கு மெஷினில் ஏறிப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.