நாயா, வீடா?

அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில் ஒரு பெண் இருந்தார். ஏழை. மன நோயால் பல காலம் துன்பப்பட்டவர். அரசாங்க உதவியோடு குறைந்த வாடகைக்கு விடப்படும் வீட்டில் குடியிருந்தார். அவருக்குப் பெரிய ஆறுதல் ஒரு சின்ன நாய்!

அந்தக் குடியிருப்பில் பிராணிகள் வளர்க்கக் கூடாது என்பது விதி. நாயை விட வேண்டும். இல்லையென்றால் வீட்டை விட வேண்டும்.

நாயை விட்டால் மனம் கெடும். வீட்டை விட்டால் போக இடம் இல்லை. என்ன செய்வார், பாவம்! கோர்ட்டுக்குப் போனார். கீழ்க் கோர்ட்டில் தோற்றார். அப்பீல் செய்தார்.

1981-ம் ஆண்டில் அப்பீல் கோர்ட்டு கீழ்க் கோர்ட்டின் தீர்ப்பை ரத்து செய்தது. விதியை அப்படியே அமுல் நடத்தினால், அந்தப் பெண் வீட்டின் பலனையே இழந்துவிடுவார். சற்றுத் தளர்த்தினால் யாருக்கும் பெரிய கஷ்டம் இல்லை. இதுதான் நீதிபதிகளின் கருத்து. ஆனால், நோயும் நாயின் தேவையும் உண்மை என்று நிரூபிக்க வேண்டும் என்று வழக்கை மறுபடியும் விசாரணைக்கு அனுப்பினார்கள்.

சட்டம் வந்த கதை

ஒரு காலத்தில் அமெரிக்காவில் கறுப்பர்களுக்குப் பலர் வீடு கொடுக்க மாட்டார்கள். அதை எதிர்த்துப் போராடியவர் மார்ட்டின் லூதர் கிங். 1968 ஏப்ரல் 4-ந் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 11-ந் தேதி, வீடு கொடுப்பதில் பாகுபாடு கூடாது என்ற சட்டம் வந்தது.

1988-ல் அந்தச் சட்டம் விரிந்தது. உடல் குறை, மனக் குறை உள்ளவர்களுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. அவர்களுக்குத் தேவையானால், வீட்டுக்காரர் தம் விதியை நியாயமான அளவில் தளர்த்திக் கொடுக்க வேண்டும்.

அதனால்தான், குருடருக்கு வழிகாட்டும் நாயைப் போல, மனம் தளர்ந்தவருக்குத் துணையான நாய்க்கும் பூனைக்கும் வாடகை வீட்டில் இடம் உண்டு. இந்தத் துணைப் பிராணிக்குத் தனிப் பயிற்சி தேவை இல்லை. அது பக்கத்தில் இருப்பதே மருந்து!

2020-ல் அமெரிக்க வீட்டு வசதி இலாகா ஒரு விளக்கம் வெளியிட்டது. இந்தப் பிராணிகளுக்காகத் தனி முன்பணமோ கட்டணமோ வாங்கக் கூடாது என்று அதில் கூறியது. நாய், பூனை, முயல் சரி. குரங்கு, கங்காரு என்றால் பலமான காரணம் காட்ட வேண்டும் என்றும் சொன்னது. இலாகாவின் விளக்கங்கள் மாறலாம். அடிப்படையான சட்டம் நிற்கிறது.

வீட்டுக்காரர் பக்கம்

வீட்டுக்காரருக்கும் நியாயம் உண்டு. நோய் கண்ணுக்குத் தெரியாவிட்டால், மருத்துவரின் கடிதம் கேட்கலாம். ஆட்களைக் கடிக்கும் நாயை மறுக்கலாம். பிராணி எதையாவது பாழாக்கினால், குடியிருப்பவர் நஷ்டம் தர வேண்டும். நான்கு குடித்தனங்களுக்கு மேற்படாத கட்டிடத்தில் சொந்தக்காரரும் குடியிருந்தால், அவரை இந்த மத்திய சட்டம் பெரும்பாலும் கட்டுப்படுத்தாது.

இன்னொன்று: இந்த உரிமை வீட்டுக்குத்தான். விமானத்தில் 2021 முதல், துணைப் பிராணியைச் சாதாரண வளர்ப்புப் பிராணியாகவே விமானக் கம்பெனிகள் கருதலாம்.

போலிக் கடிதம்

நல்ல சட்டத்திலும் ஓட்டை தேடுவோர் உண்டு. நோயே இல்லாமல், பணம் கொடுத்துக் கடிதம் வாங்குகிறார்கள்! இதைத் தடுக்கக் கலிபோர்னியா மாகாணம் ஒரு சட்டம் செய்தது. 2022 முதல், துணை நாய்க்குக் கடிதம் தரும் மருத்துவர், அந்த நபரைக் குறைந்தது 30 நாட்களாவது அறிந்திருக்க வேண்டும்.

போலிக் கடிதத்தால் நஷ்டம் யாருக்கு? வீட்டுக்காரருக்கு மட்டும் அல்ல. நாளைக்கு உண்மையான நோயாளி வந்து நின்றாலும், வீட்டுக்காரர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

உங்கள் மகனோ மகளோ அங்கே வாடகை வீட்டில் இருக்கலாம். அவர்களுக்கு இப்படி ஒரு தேவை வந்தால், நாயை ஒளித்து வளர்க்க வேண்டாம். தங்களை அறிந்த மருத்துவரிடம் கடிதம் பெற்று, வீட்டுக்காரரிடம் எழுத்து மூலம் கேட்கட்டும். ஜார்ஜியாப் பெண் ஒளியவில்லை. கோர்ட்டில் நின்று கேட்டார். அதனால்தான் வழி பிறந்தது!