நாளை வரும் காய்ச்சலும் நாள்தோறும் வரும் காய்ச்சலும்

பிழைப்பை நாடி வடபுலம் வந்த நம் தமிழ்க் குடும்பங்களில் ஆங்கிலம் அறவே அறியாதார் சிலரே. ஆயினும், அறிந்த ஆங்கிலமே சில வேளைகளில் நம்மை இடறி விடுகிறது. அங்ஙனம் இடறிய கதையொன்றை அன்பர்கட்குக் கூற விழைகிறோம்.

நம் இளைய மகனுக்கு அப்பொழுது மூன்று வயது. நான்கு நாட்களாக மாலைதோறும் காய்ச்சல். காலையில் உடல் குளிர்ந்துவிடும். ஒரு காலையில் மருத்துவரிடம் தூக்கிச் சென்றோம். அவருக்குத் தமிழ் தெரியாது. நமக்கோ இந்தி போதாது. "ஃபீவர் வில் கம் இன் தி ஈவினிங்" என்றோம். "மாலையில் காய்ச்சல் வரும்" என்பதன் நேர் பெயர்ப்பு அது. மருத்துவர் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் இல்லை. "வந்தால் அழைத்து வாருங்கள், இப்போதே ஏன் அஞ்சுகிறீர்கள்?" என்று சிரித்து அனுப்பிவிட்டார். நாம் நிகழ்ந்துவருவதைக் கூறினோம். அவர் இனி நிகழப்போவதாகக் கொண்டார். இரண்டு நாட்கள் வீணாயின. நம் வீட்டார் வேளைதோறும் வெப்ப அளவைத் தாளில் குறித்துக் கொண்டுபோய்க் காட்டிய பின்னரே இரத்தச் சோதனை நடந்தது. பிள்ளை தேறிவிட்டான். மெட்ரிகுலேஷன் தேறிய நாம்தாம் தலைகுனிந்தோம்.

பிழையின் வேர் தமிழில் இருக்கிறது. நம் எதிர்கால வினை இரு பணிகள் செய்வது. "அப்பா எட்டு மணிக்கு அலுவலகம் போவார்" என்றால், அது நாளைய செய்தியாகவும் இருக்கலாம்; அன்றாட வழக்கமாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் வழக்கத்தைக் கூற நிகழ்காலமே உரியது: "ஃபீவர் கம்ஸ் எவ்ரி ஈவினிங்". 'வில்' சேர்ந்தால் பெரும்பாலும் இனி நடப்பதென்றே கேட்பவர் கொள்வர்.

அமைப்பு எளிதே. தமிழில் ப், வ் என்னும் இடைநிலைகள் வினைக்குள்ளேயே எதிர்காலம் காட்டும்: நடப்பேன், செய்வேன். ஆங்கில வினைக்கு அத்தகைய உறுப்பு இல்லை; 'வில்' என்னும் துணைவினையை முன்னே நிறுத்தி, வினையை மாற்றமின்றி வைத்தல் வேண்டும். 'ஹி வில் கோஸ்' என்பதும் 'ஹி வில் வென்ட்' என்பதும் பிழை.

'இஃப்', 'வென்' என்பவற்றால் நேரத்தையோ நிபந்தனையையோ கூறும் பகுதியில் 'வில்' பொதுவாக வாராது. "இஃப் தி ட்ரெயின் இஸ் லேட், ஐ வில் டேக் எ பஸ்" என்பதே முறை. 'வண்டி தாமதமானால்' என்னும் நம் தொடரிலும் எதிர்கால இடைநிலை இல்லையன்றோ? ஆனால் 'அவர் வரும்போது' என்னும் தொடர் நம்மை ஏமாற்றி 'வென் ஹி வில் கம்' என்று எழுத வைக்கும். எச்சரிக்கை தேவை. இரயில் அட்டவணைக்கோ நிகழ்காலமே போதும்: "தி ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ". (அட்டவணைப்படி புறப்படுகிறதா என்பது வேறு கதை, நம் துறையைப் பற்றி நாமே கூறலாகாது.)

'ஷால்' பற்றிச் சிலர் கேட்பதுண்டு. தன்மைக்கு 'ஷால்', முன்னிலைக்கும் படர்க்கைக்கும் 'வில்' என்னும் விதியை 1653இல் ஜான் வாலிஸ் என்னும் கணித அறிஞர் இலத்தீனில் இயற்றிய ஆங்கில இலக்கணத்தில் வகுத்தார். பள்ளியில் அதனை உருப்போட்டோம். இன்று மூவிடத்துக்கும் 'வில்' என்பதே பெருவழக்கு. எனினும் "ஷால் ஐ ஓபன் தி டோர்?" என்று விருப்பம் கேட்கையில் 'ஷால்' நீங்கவில்லை. சட்டத்தில் அது கட்டளை. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் தொடர்வதைக் குறிக்க 'மே' என்ற சொல்லை ஆண்டபோது, 'ஷால்' வேண்டுமென அண்ணாதுரை மாநிலங்களவையில் வாதிட்டார். 1967இன் திருத்தத்தில் 'ஷால்' பல இடங்களில் ஏறியது.

விடுப்புக் கடிதம் எழுதுவோர்க்கு ஒன்று. 'வில் நாட்' என்பதில் நம் 'மாட்டேன்' போலவே மறுப்பும் தொனிக்கும். "ஐ வில் நாட் அட்டெண்ட் ஆஃபீஸ் டுமாரோ" என்று எழுதிய தோழர் ஒருவரை மேலதிகாரி அழைத்து, வேலைநிறுத்தமா என்று வினவினார். "ஐ ஷால் பி அனேபிள் டு அட்டெண்ட்" என்று திருத்திக் கொடுத்தோம், விடுப்பு கிட்டியது.